கிட்டத்தட்ட அதே பவர்

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

மாப்பிள்ளையின் வணக்கம். அத்தைக்கும் சொல்லவும். இங்கே நானும் உங்கள் மகளும் சுகம். அங்கே உங்கள் இருவரின் உடம்பும், உங்கள் முழங்காலும், அத்தையின் தூக்கமும் சீராக இருக்கும் என்று நம்புகிறேன்.

மேலே உள்ள "சுகம்" என்ற சொல்லை எழுதிவிட்டு ஐந்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்துவிட்டால் நீங்கள் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து என்ன அடித்திருக்கிறேன் என்று பார்ப்பீர்கள். அப்படியே இருக்கட்டும்.

போன மாதம் போனில் நீங்கள் கேட்டீர்கள். "அவ கை ஆபரேஷனுக்கு நான் பணம் அனுப்பறேன் மாப்ளே. கூச்சப்படாதீங்க."

நான் சொன்னேன். "வேண்டாம் மாமா. எல்லாம் ஏற்பாடு ஆயிடுச்சு."

சொன்ன நேரத்தில் என் குரல் எனக்கே பிடித்திருந்தது. என்ன ஏற்பாடு என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஆபரேஷன் வருகிற செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு. இன்று வியாழன். இதைப் போனில் சொல்ல முடியாது, ஏனென்றால் எங்கள் கடை மொத்தம் பன்னிரண்டடி நீளம், முன்னால் பேசினால் பின்னால் இருக்கும் உங்கள் மகளுக்குக் கேட்கும். அதனால்தான் கடிதம். உட்கார்ந்துகொண்டு படிக்கவும். பக்கத்தில் அத்தை இருந்தால் உரக்கப் படிக்க வேண்டாம்.

எங்கள் பகுதியில் சிறு கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு பண்டமாற்றுச் சங்கம் வைத்திருக்கிறோம். அறுபத்தொரு பேர். இதில் பணம் கைமாறாது. நான் பெயிண்டருக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்தால் என் பெயரில் புள்ளி ஏறும். அந்தப் புள்ளிக்குப் பெயிண்டரிடமே வேலை வாங்க வேண்டும் என்பதில்லை, தச்சரிடம் வாங்கலாம், குழாய்க்காரரிடம் வாங்கலாம், உறுப்பினர் யாராக இருந்தாலும் சரி. எல்லாவற்றையும் பதிவு செய்து பார்த்துக்கொள்பவர் செயலாளர், குடைக்கடை வைத்திருக்கும் அம்மா. அவர் போட்ட விதிகள் இரண்டுதான். கேட்டால் மறுக்கக் கூடாது. தரம் குறைந்த வேலை என்று புகார் வந்தால் மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் பதில் சொல்ல வேண்டும், நிரூபணமானால் உறுப்பினர் பதவியும் போகும், சேர்த்த புள்ளியும் போகும்.

இரண்டாவது விதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். காரணம் வருகிறது.

சங்கத்தில் சேர்ந்த புதிதில் நான் நல்லவனாகத்தான் இருந்தேன் மாமா. முதலில் பெயிண்டர் வந்து கடைக்குப் போர்டு எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாள் மழை பெய்தது. மழை விட்டுப் பார்த்தால் "கண்ணாடி" என்பதில் "கண்" மட்டும்தான் மிச்சம், ஒரு வாரம் முழுக்கக் கண்ணில் தூசி விழுந்தவர்கள் எல்லாம் இமையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். அப்புறம் குழாய்க்காரர் வந்து வீட்டில் குழாய் மாற்றினார், சமையலறையில் திறந்தால் குளியலறையில் கொட்டியது. மெத்தைக்காரர் ஒரு மெத்தை கொடுத்தார், அதில் படுத்தால் நமக்கும் தரைக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது என்று நாமாக நம்பிக்கொள்ள வேண்டியதுதான். அப்போது எனக்கு ஒன்று புரிந்தது. இந்தச் சங்கத்தில் எல்லோரிடமும் இரண்டு தரம் இருக்கிறது. பணத்துக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று.

புரிந்த அன்றே நானும் ஒரு டிராயர் வைத்தேன்.

மெஷினுக்குக் கீழே, இரண்டாவது டிராயர். ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்க வராதவர்களின் லென்ஸ்கள், பழைய சரக்கு, விளிம்பு லேசாகத் தெறித்தவை. புள்ளிக்கு வருபவர்களுக்கு இதிலிருந்துதான். பவர் அச்சு அசலாக இருக்காது. கிட்டத்தட்ட இருக்கும். எங்கள் கடையில் வேலைப் பிரிவினை உங்களுக்குத் தெரியும். முன்னால் நான் கண்ணைச் சோதிப்பேன், பவர் எழுதுவேன், லென்ஸ் எடுத்துத் தட்டில் வைப்பேன், மீதி நேரம் பேசுவேன். பின்னால் மெஷினில் லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் உட்கார வைப்பது உங்கள் மகள்.

முதல் முறை தட்டில் வைத்தபோது அவள் கேட்டாள். "ஏங்க, புள்ளிக்கு வர்றவங்களுக்கும் கண்ணு ரெண்டுதானே?"

"அவங்க நமக்கு என்ன குடுத்தாங்கன்னு பாத்தியா?"

"அவங்க குடுத்தத விடுங்க. இவருக்கு எழுதின பவர் என்ன, நீங்க வெச்சிருக்கற லென்ஸ் என்ன?"

"கிட்டத்தட்ட அதே பவர்தான்."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு மெஷினுக்குப் போனாள். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசியதில்லை. மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். திருமணமாகி ஆறு வருடம் ஆகியும் இதில் மட்டும் நான் தேறவில்லை.

நான்கு மாதத்துக்கு முன் சங்கத்தில் ஒரு டாக்டர் சேர்ந்தார். கை ஆபரேஷன் மட்டும் செய்கிறவர். நாற்பத்தைந்து வயது இருக்கும், மெல்லிய குரல், கை கொடுத்தால் குலுக்கமாட்டார், நம் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்ப்பார். தனியாகச் சின்ன ஆஸ்பத்திரி ஒன்று புதிதாக ஆரம்பித்திருந்தார். ஒரு சனிக்கிழமை, கடையில் ஏழு பேர் நிற்கும்போது வந்து, "கிட்டக்க பாக்கறதுக்கு ஒண்ணு வேணும்" என்றார். கண்ணைச் சோதித்தேன். இரண்டு கண்ணுக்கும் பவர் வேறு வேறு. கிட்டத்தில் என்ன பார்ப்பீர்கள் என்று நான் கேட்கவில்லை. ஏழு பேர் நிற்கிறார்கள். டிராயரைத் திறந்தேன். வாங்க வராத ஒரு தபால்காரரின் லென்ஸ் ஜோடி இருந்தது. இடது கண் சரியாகப் பொருந்தியது. வலது கண்ணுக்குக் கிட்டத்தட்ட.

மறுநாள் வந்து போட்டுப் பார்த்தார். "லேசா ஒரு மாதிரி இருக்கே."

"பழகிடும் டாக்டர்."

மாமா, எங்கள் தொழிலே இந்த ஒரு சொல்லின் மேல்தான் நிற்கிறது. பத்தில் ஒன்பது பேருக்குப் பழகிவிடும். பத்தாவது ஆள் வேறு கடைக்குப் போய்விடுவார். இவருக்குப் பழகிவிட்டது. அதுதான் பயங்கரம்.

பிறகு உங்கள் மகளின் கை. உங்களுக்கே தெரியும். முதலில் விரல் மரத்தது. பிறகு ஃப்ரேமின் சின்ன ஸ்க்ரூக்கள் விழுந்தன. பிறகு டம்ளர் விழுந்தது. மணிக்கட்டுக்குள் நரம்பு நெரிபடுகிறது, சீக்கிரம் ஆபரேஷன் செய்யாவிட்டால் கட்டைவிரலின் பலம் நிரந்தரமாகப் போய்விடும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அங்கே கேட்ட தொகை என்னிடம் இல்லை. புள்ளி இருந்தது. சரியாக அந்த ஆபரேஷனுக்குப் போதுமான புள்ளி. சங்கத்திலேயே கை டாக்டர். அவள் கையை என் உழைப்பாலேயே மீட்கப் போகிறேன் என்று நினைத்தேன். உங்களிடம் வேண்டாம் என்று சொன்ன குரல் அங்கிருந்து வந்ததுதான்.

அந்தச் சந்தோஷம் பதினொரு நாள் இருந்தது.

போன வெள்ளிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெளி அறையில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன், நாற்காலி இடது பக்கம் இறங்கியது, பார்த்தால் நம் தச்சரின் வேலை, எங்கள் கடை ஸ்டூலும் இதே பக்கம்தான் இறங்கும். சுவரைப் பார்த்தேன், பெயிண்டர். குழாயில் தண்ணீர் சொட்டியது, யார் என்று கேட்கவே வேண்டாம். திரைச்சீலை தைத்தது சங்கத்துத் தையல்காரர், இரண்டு பக்கமும் உயரம் வேறு. தலைக்கு மேல் விளக்கு ஒரு முறை யோசித்துவிட்டுப் பிறகு எரிந்தது, நம் எலக்ட்ரீஷியன். பெயர் எழுதிக்கொண்ட பெண் சங்கத்து டைப் இன்ஸ்டிட்யூட் வழியாகப் புள்ளிக்கு வந்தவள், உங்கள் மகளின் வயதை அறுபத்திரண்டு என்று எழுதிவிட்டுத் திருத்தினாள். அந்த அறையில் எனக்குத் தெரியாத பொருள் ஒன்றுகூட இல்லை. எல்லாம் புள்ளிச் சரக்கு. கண்ணை மூடிக்கொண்டேன். உள்ளே கத்தி இருக்கும் என்று நினைத்தேன். சங்கத்தில் கத்தி சாணை பிடிக்கிறவர் ஒருவர் உண்டு.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் மூக்கில் என் கண்ணாடி.

தலையை வலப்பக்கம் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் பேசும்போதும் சாய்வு மாறவில்லை. வலது கண் சரியாகத் தெரியாதவர்கள் அப்படித்தான் சாய்ப்பார்கள், என் தொழிலில் தினமும் பார்க்கிறேன். மேஜை மேல் இருந்த பேனாவை எடுக்கக் கை நீட்டினார். கை பேனாவுக்கு அரை விரல் தள்ளி இறங்கியது, பிறகு நகர்ந்து போய்ப் பேனாவைக் கண்டுபிடித்தது. உங்கள் மகளின் மணிக்கட்டைத் திருப்பி, வெட்டப்போகும் இடத்தில் ஒரு கோடு போட்டார். கோடு கோணல்.

நான் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு கேட்டேன்.

"டாக்டர், இந்தக் கண்ணாடி... ஆபரேஷனுக்கும் இதையேதான் போட்டுக்கறீங்களா?"

"ஆமாம் சார். இது வந்ததுக்கப்புறம் வேற தொடறதே இல்ல. அப்படியே பழகிடுச்சு."

உங்கள் மகள் என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது? ஆபரேஷன் எனக்குத்தான்."

இதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால் கொஞ்சம் நல்ல மனிதனாகத் தெரிவேனோ என்று ஒரு நப்பாசை.

சனிக்கிழமை டாக்டருக்குப் போன் செய்து, உறுப்பினர்களுக்கு இலவச சர்வீஸ் செய்கிறோம், கண்ணாடியை இரண்டு நாள் கொடுங்கள் என்றேன். "ரெண்டு நாளா? அதுக்குள்ள எனக்கு ஆறு கை இருக்கு சார்" என்றார். ஆறு கை. போனை வைத்த பிறகும் அந்த ஆறு கைகள் என் முன்னால் நின்றன. அவற்றின் சொந்தக்காரர்கள் யாரோ. ஒருவர் வீணை வாசிப்பவராக இருக்கலாம். ஒருவர் பேருந்து ஓட்டுபவராக இருக்கலாம், அந்தப் பேருந்தில் நான் ஏறலாம்.

திங்கட்கிழமை உங்கள் மகள் ரத்தப் பரிசோதனைக்குப் போன நேரத்தில் நானே மெஷினில் உட்கார்ந்தேன். நல்ல அலமாரியிலிருந்து அசல் லென்ஸ் எடுத்து, டாக்டரின் பவருக்கு அச்சு அசலாக ஒரு புது ஜோடி. அதே பழுப்பு ஃப்ரேம். மெஷினில் உட்கார்ந்து ஐந்து வருடம் ஆகிறது, விரலில் இரண்டு இடத்தில் வெட்டு, ஆனாலும் முடித்தேன். மறுநாள் மாலை சங்கத்தின் மாதக் கூட்டம். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினால் மாற்றி வைத்துவிடுவது என்று திட்டம். கழற்றினார் மாமா. முகம் துடைக்கக் கழற்றி மேஜை மேல் வைத்தார். நான் பாய்ந்து பார்த்தால் மேஜை மேல் நான்கு கண்ணாடி இருக்கிறது, நான்கும் அதே பழுப்பு ஃப்ரேம், ஏனென்றால் புள்ளிக்காரர்களுக்கென்று ஒரே ஃப்ரேமை மொத்தமாக வாங்கியவன் நான்தான். குத்துமதிப்பாக ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு புதியதை வைத்தேன். அதைக் குடைக்கடை அம்மா எடுத்து மாட்டிக்கொண்டு, சென்ற மாதக் கூட்டத்தின் அறிக்கையைப் படிக்க ஆரம்பித்தார், இரண்டு வரி படித்துவிட்டு, "என்னமோ எழுத்தெல்லாம் நடந்து போகுது" என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் அவருக்குத் தண்ணீர் கொண்டுவர ஓடினார்கள். நான் மேஜைக்கு அடியில் போனேன், மேல் வழியாக மாற்றினால் தெரியும் என்று. அடியில் டாக்டரின் முகம் வந்தது, சாய்ந்தபடி.

"என்ன சார் தேடறீங்க?"

"பேனா டாக்டர்."

"கையில இருக்கே."

"ஆமாம் டாக்டர். கிடைச்சிடுச்சு."

எப்படியோ அந்த அம்மாவின் கண்ணாடி அவரிடமும் புது ஜோடி என்னிடமும் திரும்பி வந்தன. நேற்று காலை, இனி தந்திரம் வேண்டாம் என்று நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன். வாசல்வரை உண்மை என்னோடு வந்தது. உள்ளே போனதும், "இரண்டாவது ஜோடி இலவசம் டாக்டர், நம்ம கடைத் திட்டம்" என்றேன்.

வாங்கி மாட்டிக்கொண்டார். எழுந்தார். மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"தல சுத்துது சார்."

எனக்குக் காரணம் உடனே தெரிந்தது. நாலு மாதம் தப்பான கண்ணாடி போட்டவருக்குச் சரியான கண்ணாடி போட்டால் தலை சுற்றத்தான் செய்யும். அவர் கண் என் தப்பைக் கற்றுக்கொண்டுவிட்டது. வாய் தானாகத் திறந்தது.

"பழகிடும் டாக்டர்."

"அப்படியா? சரி, தினமும் ரெண்டு மணி நேரம் போட்டுப் பாக்கறேன். செவ்வாய்க்கிழமைக்குள்ள பழகிட்டா இதையே போட்டுக்கிட்டு உங்க வீட்டம்மாவுக்குச் செய்யறேன். பழகலன்னா பழசு."

ஆக, மாமா, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு உங்கள் மகளின் நரம்புக்கு மேல் குனியும்போது அவர் தப்பான கண்ணாடியில் தெளிவாகப் பார்ப்பார், அல்லது சரியான கண்ணாடியில் தலைசுற்றலோடு பார்ப்பார். எது என்று அவருக்கே இன்னும் தெரியாது. நடுவில் இருப்பது ஒரு நூல் கனம்கூட இல்லாத நரம்பு.

வெளியே வரும் முன்பு ஒரு கேள்வி கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"டாக்டர், சும்மா கேக்கறேன். புள்ளிக்குச் செய்யறதுக்கும் பணத்துக்குச் செய்யறதுக்கும் வித்தியாசம் ஏதாவது இருக்குமா?"

அவர் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தார்.

"நீங்க வித்தியாசம் பாப்பீங்களா சார்?"

"சேச்சே. இல்ல டாக்டர்."

"அப்போ நான் மட்டும் பாப்பேனா?"

புன்னகையோடு சொன்னார். அந்தப் புன்னகையிலிருந்து நான் இன்னும் எழுந்திருக்கவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறதா? தெரிந்துகொண்டே நாலு மாதம் போட்டிருக்கிறாரா? அவரிடமும் ஒரு டிராயர் இருக்குமா? ஒரு டாக்டரின் இரண்டாவது டிராயரில் என்ன இருக்கும்? நினைப்பு அங்கே போனால் திரும்புவதில்லை. போதாததற்கு, வெள்ளிக்கிழமை அவளுக்கு முன்னால் வெளியே வந்து, மயக்க ஊசி போடுபவரும் நம் சங்கமா என்று அந்த டைப் இன்ஸ்டிட்யூட் பெண்ணிடம் கேட்டிருந்தேன். "அடுத்த மாசம் சேர்றார் சார்" என்றாள், நல்ல செய்தி சொல்வதுபோல.

இதைக் கூட்டத்தில் ஒப்புக்கொள்ளலாம். ஒப்புக்கொண்டால் புள்ளி போகும், ஆபரேஷன் போகும், அவள் கட்டைவிரல் போகும். ஒப்புக்கொள்ளாவிட்டால் செவ்வாய்க்கிழமை வரும். இரண்டு நாளாகக் கடையில் என் கை அவள் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறது. எழுதியதைத் திரும்பப் படித்தேன், கை எப்படிப் பார்க்கும். திருத்தத் தெம்பில்லை.

ஆகவே மாமா, ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதம் சனிக்கிழமை கிடைத்துவிடும். கிடைத்ததும் உங்கள் மகளுக்குப் போன் செய்யுங்கள். "என் பொண்ணுக்கு நான் செலவு பண்ணாம யார் பண்ணுவா, பெரிய ஆஸ்பத்திரியிலதான் செய்யணும்" என்று பிடிவாதம் பிடியுங்கள். கோபப்படுங்கள். நான் மரியாதைக்கு இரண்டு தடவை மறுப்பேன். மூன்றாவது தடவை உங்கள் வயதுக்கு மதிப்புக் கொடுத்து ஒத்துக்கொள்வேன். நான் எழுதிய விஷயம் நம் இருவருக்குள் இருக்கட்டும். பணத்தைக் கட்டாயம் திருப்பிக் கொடுப்பேன். புள்ளியாக அல்ல.

உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் விடாமல் கொடுக்கவும். அத்தைக்கு என் நமஸ்காரம். உங்கள் ஆசீர்வாதம் எனக்கு இல்லாவிட்டாலும் அவளுக்கு இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள மாப்பிள்ளை

பின்குறிப்பு: படித்ததும் கிழித்துவிடவும்.

பின்குறிப்புக்குப் பின்குறிப்பு:

அப்பா, கிழிக்காதீங்க, நான்தான். இவர் ரகசியக் கடிதத்தை ஒளித்து வைத்த இடம் பில் புத்தகம். பில் எழுதுவது நான். ஒட்டுவதற்கு முன் படித்துவிட்டேன்.

பயப்படாதீர்கள். அந்த டிராயரிலிருந்து ஒரு லென்ஸ்கூட நான் யாருக்கும் போட்டதில்லை. இவர் தட்டில் வைப்பார், நான் அதைத் திரும்ப உள்ளே போட்டுவிட்டு நல்ல அலமாரியிலிருந்து எழுதிய பவருக்கு எடுத்துத் தேய்ப்பேன். டிராயர் குறையாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று மாதம் நாலைந்து ஜோடியைக் குப்பையில் போடுவேன். டாக்டர் போட்டிருப்பது அசல் பவர். கூட்டத்து மேஜையில் இருந்த நாலும் அப்படித்தான்.

இவர் திங்கட்கிழமை தானே உட்கார்ந்து செய்தாரே, அச்சு அசலாக, அதுதான் தப்பு. வலது லென்ஸை இடது பக்கமும் இடது லென்ஸை வலது பக்கமும் வைத்திருக்கிறார். இன்று சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட ஆஸ்பத்திரிக்குப் போனேன், டாக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். "அது வேற ஒருத்தரோடது டாக்டர், மாறி வந்துடுச்சு" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். "அப்பாடா, எனக்கு வயசாயிடுச்சோன்னு பயந்துட்டேம்மா" என்றார். அவர் தலையைச் சாய்ப்பது ஒரு காது சரியாகக் கேட்காததால். முதல் நாளே சொன்னார், இவர் அப்போது விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவுக்குக் கை நீட்டியபோது அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். கோடு கோணல் இல்லை, உள்ளங்கை ரேகையை ஒட்டித்தான் கீறுவார்களாம்.

போர்டை மூன்று நாள் காயவைக்கச் சொன்னார் பெயிண்டர். இவர் அன்று சாயங்காலமே மாட்டினார். குழாய்க்காரர் போன பிறகு இவர் ஒரு முறை திருகிப் பார்த்தார். மெத்தை கெட்டியாக வேண்டும் என்று கேட்டது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பா, அந்த மாதிரி டிராயர் இந்தச் சங்கத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.

இன்னொன்று. டிராயரில் இருப்பது ஏற்கெனவே தேய்த்த லென்ஸ். புதியது என்றால் முதலிலிருந்து தேய்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை டாக்டர் என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, ஒரு நாளைக்கு எத்தனை தேய்ப்பீங்க என்று கேட்டார். உண்மையான எண்ணைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நல்லவேளை, இவர் அப்போது வெளியே அந்தப் பெண்ணிடம் மயக்க ஊசியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். இதை மட்டும் இவரிடம் சொல்லாதீர்கள். தாங்கமாட்டார்.

பணம் வேண்டாம். போனில் கோபப்படவும் வேண்டாம், உங்களுக்கு நடிக்க வராது. ஆனால் வாருங்கள். செவ்வாய்க்கிழமை காலையில் இவர் டாக்டரிடம் போய் எதையாவது கேட்காமல் வெளியே பிடித்து உட்காரவைக்க ஓர் ஆள் வேண்டும்.

எனக்குப் பயமில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். இதை இடது கையால் எழுதுகிறேன். வலது கை காகிதம் நகராமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். பார்த்தால்தான் தெரிகிறது.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்கப்பா. திங்கட்கிழமையே.